புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புதல்

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புதல் என்பது, புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை, வேதிச்சிகிச்சை, கதிர்ச்சிகிச்சை போன்றவற்றைப் பெற்ற ஒருவர், தாம் முன்பு செய்துவந்த தொழிலையோ அதற்கு ஈடான வேறொரு தொழிலையோ மீண்டும் மேற்கொள்வதைக் குறிக்கும். இது ஒரு நாளில் முடியும் நிகழ்வு அன்று. பல வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை நீளக்கூடிய ஒரு செயற்பாடு ஆகும்.

சிகிச்சை முடியும் நாளும், வேலை செய்யும் ஆற்றல் முழுமையாகத் திரும்பும் நாளும் ஒன்றல்ல. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒருவரின் விடுப்பு, வருமானம், பணியிட ஆதரவு ஆகியவை எவ்வாறு அமைகின்றன என்பதைப் பொறுத்தே அவர் தமது வேலையைத் தக்கவைத்துக் கொள்வதும் இழப்பதும் பெரிதும் அமைகின்றன. ஆகவே இது மருத்துவம் மட்டும் சார்ந்த ஒன்றாக அல்லாமல், தொழிற்சட்டம், சமூகக் காப்பீடு, பணியிட மேலாண்மை ஆகிய துறைகளையும் சார்ந்ததாகக் கருதப்படுகிறது.

பின்னணி

2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்கும், இந்தியாவில் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கும் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு கூறுகிறது. இவர்களுள் கணிசமானோர் உழைத்து ஊதியம் ஈட்டும் வயதினர். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முறைகளும் சிகிச்சை முறைகளும் மேம்பட்டதன் விளைவாக, சிகிச்சைக்குப் பின் பல்லாண்டுகள் வாழ்வோரின் எண்ணிக்கை பெருகியுள்ளது. இவர்கள் பொதுவாகப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் எனப்படுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, புற்றுநோய் மருத்துவத்தின் முதன்மையான வினா நோயாளி பிழைப்பாரா என்பதாகவே இருந்தது. பிழைத்தவர் எவ்வாறு வாழ்கிறார், எவ்வாறு பொருள் ஈட்டுகிறார் என்பன பிற்காலத்திலேயே ஆய்வுப் பொருள்களாயின. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சமூகப்பணித்துறைப் பேராசிரியர் பிரான்சிஸ் ஃபெல்ட்மன், புற்றுநோய்க்குப் பின் வேலைக்குத் திரும்பியோரின் பட்டறிவைத் தொகுத்தார். இது இத்துறையின் முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றாகும்.

1985 ஆம் ஆண்டில், தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவரான ஃபிட்சு முல்லன் என்னும் மருத்துவர், புற்றுநோய்க்குப் பிந்தைய வாழ்வைப் பருவங்களாகப் பகுத்து ஒரு கட்டுரை எழுதினார். நோய் கண்டறிதலும் சிகிச்சையும் அடங்கியது முதற்பருவம். சிகிச்சை முடிந்து, நோய் மீளுமோ என்ற அச்சத்துடன் இயல்பு வாழ்வுக்குத் திரும்பும் காலம் இரண்டாம் பருவம். நோய் மீளும் வாய்ப்பு மிகக் குறைந்துவிட்ட நிலை மூன்றாம் பருவம். வேலைக்குத் திரும்புதல் பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலேயே நிகழ்கிறது. மருத்துவமனையின் நாள்தோறுமான கவனிப்பு நின்று, உடலோ இன்னும் முழுமையாகத் தேறாத காலம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

சிகிச்சை முடிவு என்பதன் பொருள்

கடைசி வேதிச்சிகிச்சைச் சுற்று அல்லது கடைசிக் கதிர்ச்சிகிச்சை அமர்வு முடிந்த நாளைச் சிகிச்சை முடிந்த நாளாகக் கொள்வது வழக்கம். ஆயினும் உடலியல் நோக்கில் இது ஓர் இடைநிலையே ஆகும்.

வேதிச்சிகிச்சை மருந்துகள் விரைவாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்று உயிரணுக்களுடன் எலும்பு மச்சை, குடலின் உட்படலம், மயிர்க்கால்கள் ஆகியவற்றின் உயிரணுக்களும் பாதிக்கப்படுகின்றன. பல மருந்துகளில், ஒவ்வொரு சுற்றுக்கும் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைந்து, 3 முதல் 4 வாரங்களில் மீண்டும் உயர்கிறது. இதனாலேயே பல சிகிச்சைத் திட்டங்கள் 21 நாள் இடைவெளியில் வகுக்கப்படுகின்றன. குருதியணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களில் சீரடைந்தாலும், நரம்பு, தசை, நினைவாற்றல் ஆகியவை தேற மாதக்கணக்கில் ஆகலாம். குருதி உயிரணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களின் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் திரும்பப் பல மாதங்கள் ஆவதுண்டு. அவர்களுக்குக் குழந்தைப் பருவத் தடுப்பூசிகளையும் மீண்டும் இட வேண்டியிருக்கும்.

சிலருக்குச் சிகிச்சை முடிவதே இல்லை. இயக்குநீர் ஏற்பிகள் உள்ள வகை மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் போன்ற மருந்துகள் 5 முதல் 10 ஆண்டுகள் வரை கொடுக்கப்படுகின்றன. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் என்னும் மாத்திரை, நாட்பட்ட எலும்பு மச்சைவழி வெண்குருதிப் புற்றுநோயை நாள்தோறும் மருந்து உட்கொண்டு கட்டுப்படுத்தக்கூடிய நோயாக மாற்றியது. இத்தகையோரைப் பொறுத்தவரை, சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்புதல் என்பதைவிடச் சிகிச்சையுடன் வேலை செய்தல் என்பதே பொருத்தமான தொடராகும்.

பணித்திறனைப் பாதிக்கும் பின்விளைவுகள்

களைப்பு

புற்றுநோய் சார்ந்த களைப்பு மிகப் பரவலாகக் காணப்படும் பின்விளைவாகும். இது உழைப்பினால் வரும் இயல்பான களைப்பிலிருந்து வேறுபட்டது. செய்த வேலையின் அளவுக்குப் பொருந்தாத வகையில் தோன்றுவதும், உறங்கி எழுந்தாலும் தீராதிருப்பதும் இதன் இயல்புகள். புறத்தோற்றத்தில் நலமாகக் காணப்படும் ஒருவர் பிற்பகலில் எந்த வேலையும் செய்ய இயலாமல் போவதை உடன் பணிபுரிவோர் சோம்பல் எனத் தவறாகக் கருத நேர்கிறது.

முழு ஓய்வு இக்களைப்பைத் தீர்ப்பதில்லை. மாறாக, அளவான உடற்பயிற்சி இதனைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த பன்னாட்டு வல்லுநர் குழு, வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 30 நிமிடம் விரைநடை போன்ற மிதமான பயிற்சியைச் சில மாதங்கள் தொடர்வது களைப்பையும் மனச்சோர்வையும் குறைக்கும் எனப் பரிந்துரைத்தது. குருதிச்சோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் களைப்பை உண்டாக்கக்கூடியவை. அவை மருத்துவத்தால் சீராக்கக்கூடியவை என்பதால் முதலில் அவற்றைச் சோதித்தறிவது இன்றியமையாதது.

கை, கால் நரம்புப் பாதிப்பு

பாக்லிடாக்செல், சிசுபிளாட்டின், ஒக்சாலிபிளாட்டின், வின்கிறிசுட்டின் ஆகிய மருந்துகள் கை, கால்களின் புற நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை. விரல் நுனிகளில் மரத்துப் போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிடிப்பு தளர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிசுபிளாட்டின், ஒக்சாலிபிளாட்டின் பெற்றோருக்கு, மருந்து நிறுத்தப்பட்ட பின்னரும் சில மாதங்களுக்கு இப்பாதிப்பு கூடக்கூடும்.

இதன் விளைவு தொழிலுக்குத் தொழில் மாறுபடும். தையல் தொழிலாளி, பொற்கொல்லர், தட்டச்சர், கணினி நிரலாளர், அறுவை மருத்துவர் ஆகியோருக்கு விரல் நுனி உணர்வே தொழிற்கருவி ஆகும். பாதத்தில் உணர்வு குறைந்த ஒருவர் ஏணி, சாரம் ஆகியவற்றில் ஏறுவதும், ஊர்தி ஓட்டுவதும் இடர் மிக்கவை. சூடான பொருளைத் தொடுவதை உணராமல் போகும் வாய்ப்பிருப்பதால், சமையல், வார்ப்பு ஆகிய தொழில்களில் கையுறை தேவைப்படும்.

நினைவும் கவனமும்

சிகிச்சைக்குப் பின் பெயர்களையும் சொற்களையும் நினைவுகூர்வதில் தடுமாற்றம், ஒரே நேரத்தில் இரு வேலைகளைக் கவனிக்க இயலாமை, எண்ணும் வேகம் குறைதல் ஆகியவை சிலருக்கு ஏற்படுகின்றன. இது வேதிச்சிகிச்சை மூளை எனப் பேச்சுவழக்கில் குறிக்கப்பட்டாலும், வேதிச்சிகிச்சை பெறாதவரிடத்தும் காணப்படுகிறது. நோயும், இயக்குநீர் மருந்துகளும், உறக்கமின்மையும், மனக்கவலையும் இதற்குப் பங்களிப்பதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலானோருக்கு இது காலப்போக்கில் குறைகிறது. வேலைகளை எழுதிப் பட்டியலிடுதல், கவனம் தேவைப்படும் பணியைக் காலையில் முடித்தல், ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் ஆகியவை நடைமுறையில் உதவுகின்றன.

நிணநீர் வீக்கம்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டாலோ கதிர்ச்சிகிச்சைக்கு உட்பட்டாலோ, நிணநீர் வடிய வழியின்றி அப்பக்கக் கை வீங்கக்கூடும். இது சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். இத்தகையோர் அக்கையால் எடை தூக்கவே கூடாது என்று நெடுங்காலம் அறிவுறுத்தப்பட்டு வந்தது. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கண்காணிப்புடன் சிறிது சிறிதாக எடையைக் கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்றும், அறிகுறிகள் கடுமையாவதைக் குறைக்கிறது என்றும் காட்டியது. குடத்தில் நீர் சுமத்தல், நாற்று நடுதல், துணி துவைத்தல் போன்ற வேலைகளுக்குத் திரும்புவோர்க்கு இக்கண்டறிதல் முதன்மையானது. எடையை முற்றாக விலக்குவதைவிட, படிப்படியாகப் பழகுவதும், அழுத்தக் கையுறை அணிவதும், கையில் காயம் படாமல் காப்பதுமே இன்று வலியுறுத்தப்படுகின்றன.

பேச்சு, உணவு, கழிவு வெளியேற்றம்

இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முதன்மையானது. புகையிலைப் பழக்கம் இதற்கு முக்கியக் காரணமாகும். தலை, கழுத்துப் பகுதிகளில் கதிர்ச்சிகிச்சை பெற்றோருக்கு உமிழ்நீர்ச் சுரப்பு குறைந்து வாய் வறள்கிறது. தாடை இறுகி வாயைத் திறப்பதும் கடினமாகலாம். இடைவிடாது பேச வேண்டிய ஆசிரியர், நடத்துநர், விற்பனையாளர் ஆகியோருக்கு இவை பெருந்தடைகள் ஆகும். குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டவர்கள் உணவுக்குழாய்ப் பேச்சு, மின்குரல் கருவி, செயற்கைக் குரல் அடைப்பிதழ் ஆகியவற்றுள் ஒன்றின் துணையுடன் மீண்டும் பேசப் பழகலாம். இவர்கள் கழுத்திலுள்ள துளை வழியே மூச்சு விடுவதால், மூக்கின் வடிகட்டும் பயன் கிடைப்பதில்லை. எனவே தூசி, புகை நிறைந்த பணியிடங்கள் இவர்களுக்கு ஏற்றவை அல்ல.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்காக வயிற்றில் செயற்கைக் கழிவுத்துளை அமைக்கப்பட்டவர்களும், இடுப்புப் பகுதியில் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களும் வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதை, அருகில் தூய்மையான, தாழிடக்கூடிய கழிவறை உள்ளதா என்பதே பல வேளைகளில் தீர்மானிக்கிறது.

உளநிலை

மறுபரிசோதனை நாள் நெருங்கும்போது எழும் அச்சம், தோற்ற மாற்றத்தால் வரும் கூச்சம், பிறர் இரக்கத்துக்கு ஆளாவதால் வரும் சங்கடம் ஆகியவை பலருக்கும் பொதுவானவை. மறுபுறம், வேலை என்பது வருமானத்துடன் நாளுக்கு ஓர் ஒழுங்கையும், நோயாளி என்பதைத் தவிர வேறோர் அடையாளத்தையும் தருகிறது. வேலைக்குத் திரும்புவதை மீண்டோர் பலர் நலம்பெற்றதன் அடையாளமாகவே கருதுகின்றனர்.

திரும்பும் காலமும் விகிதமும்

2011 ஆம் ஆண்டில் செருமானிய ஆய்வாளர் அன்யா மேனெர்ட் வெளியிட்ட மீளாய்வின்படி, வெவ்வேறு ஆய்வுகளில் புற்றுநோய்க்குப் பின் வேலைக்குத் திரும்பியோரின் விகிதம் 24 முதல் 94 விழுக்காடு வரை வேறுபட்டது. சராசரி 63.5 விழுக்காடு ஆகும். வேலையில் இல்லாத காலம் சராசரியாக 151 நாட்கள். நோய் கண்டறியப்பட்ட 6 மாதங்களில் சராசரியாக 40 விழுக்காட்டினரும், 12 மாதங்களில் 62 விழுக்காட்டினரும், 24 மாதங்களில் 89 விழுக்காட்டினரும் திரும்பியிருந்தனர்.

2009 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஏஞ்சலா டி போயர் குழுவினர் 36 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மீண்டோருள் 33.8 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தனர். ஒப்பிடப்பட்ட நலமானோரில் இது 15.2 விழுக்காடு. மார்பகம், இரையகக் குடற்பாதை, பெண் இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றின் புற்றுநோய்களில் இவ்வேறுபாடு காணப்பட்டது. குருதி, முன்னிற்குஞ்சுரப்பி, விந்தகம் ஆகியவற்றின் புற்றுநோய்களில் காணப்படவில்லை.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் ஊதியத் தொழிலாளரைப் பற்றியவை. நோயின் வகையும் நிலையும் தவிர, உடலுழைப்பின் அளவு, கல்வி, வயது, முதலாளியின் ஒத்துழைப்பு, வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவையும் திரும்புதலைப் பாதிக்கும் காரணிகளாக அறியப்பட்டுள்ளன. இவற்றுள் கடைசி இரண்டும் பணியிடத்தால் மாற்றக்கூடியவை என்பது கவனிக்கத்தக்கது. உடற்பயிற்சி, உளவியல் அறிவுரை, தொழில்சார் வழிகாட்டல் ஆகியவற்றை ஒருங்கே வழங்கும் திட்டங்கள் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதலானோரை வேலைக்குத் திரும்பச் செய்கின்றன என 2015 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு முடிவு செய்தது.

படிப்படியாகத் திரும்புதல்

விடுப்பு முடிந்த மறுநாளே முழுநேர வேலையைத் தொடங்காமல், குறைந்த நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவது படிப்படியாகத் திரும்புதல் எனப்படும். செருமனியில் இது ஆம்பர்க் முறை என அழைக்கப்படுகிறது. மருத்துவர், தொழிலாளி, முதலாளி ஆகிய மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு கால அட்டவணைப்படி வேலை நேரம் கூட்டப்படுகிறது. இக்காலத்தில் தொழிலாளி சட்டப்படி நோயுற்றவராகவே கருதப்பட்டு, காப்பீட்டிலிருந்து நோய்க்கால உதவித்தொகையைத் தொடர்ந்து பெறுகிறார். எனவே முழு வேலைக்கு விரைந்து திரும்ப வேண்டிய நெருக்கடி குறைகிறது.

அலுவலகப் பணியாளர் ஒருவருக்கான 8 வார அட்டவணை பின்வருமாறு அமையலாம்:

• 1, 2 ஆம் வாரங்கள்: வாரத்தில் 3 நாட்கள், நாளொன்றுக்கு 3 மணி நேரம்
• 3, 4 ஆம் வாரங்கள்: வாரத்தில் 4 நாட்கள், நாளொன்றுக்கு 4 மணி நேரம்
• 5, 6 ஆம் வாரங்கள்: வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 5 மணி நேரம்
• 7, 8 ஆம் வாரங்கள்: வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 6 மணி நேரம், அதன்பின் முழுநேரம்

இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. தொடர்ச்சியான வேலை நாட்களுக்கு இடையில் ஓய்வு நாள் அமைவதும், இரு வாரங்களுக்கு ஒருமுறை அட்டவணையை மறுபார்வை செய்வதும், தேவையெனில் ஒரு படி பின்செல்ல இடமிருப்பதும் இம்முறையின் அடிப்படைகளாகும். வேலை நேரம் குறையும்போது வேலைச் சுமையும் அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். முழுநாள் வேலையை அரைநாளில் முடிக்குமாறு விடப்படுபவர் படிப்படியாகத் திரும்புபவர் ஆகார்.

பணியிட மாற்றங்கள்

நேரக் குறைப்பைத் தவிர, பின்வரும் மாற்றங்கள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன:

• நெரிசல் மிக்க பேருந்து, தொடர்வண்டிப் பயணத்தைத் தவிர்க்கும் வகையில் தொடங்கும் நேரத்தை மாற்றுதல்
• இரவுப் பணி, சுழற்முறைப் பணி ஆகியவற்றிலிருந்து தற்காலிக விலக்கு
• இயன்ற நாட்களில் வீட்டிலிருந்து பணிபுரிதல்
• நின்று செய்யும் வேலைக்கு இருக்கை வழங்குதல்
• எடை தூக்கும் பணியை மற்றொருவருடன் மாற்றிக்கொள்ளுதல்
• மறுபரிசோதனை நாட்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு

இவற்றுட் பல செலவற்றவை அல்லது மிகக் குறைந்த செலவுடையவை. நெடுநாள் பழகிய பணியாளர் ஒருவரை இழந்து, புதியவரைத் தேடிப் பயிற்றுவிப்பதுடன் ஒப்பிடும்போது முதலாளிக்கும் இவை நன்மையானவை.

நோயைத் தெரிவித்தல்

நோயைப் பற்றிப் பணியிடத்தில் எவருக்கு, எந்த அளவில் தெரிவிப்பது என்பது மீண்டோர் எதிர்கொள்ளும் கடினமான முடிவுகளுள் ஒன்றாகும். தெரிவிக்காவிடில் பணியிட மாற்றங்களைக் கோர இயலாது. தெரிவித்தால் பதவி உயர்வு, பொறுப்புகள் ஆகியவற்றில் புறக்கணிக்கப்படும் அச்சம் உள்ளது. நோயின் முழு விவரத்தைக் கூறாமல், பணி தொடர்பான தேவையை மட்டும் கூறுவது ஒரு நடுவழியாகும். "அடுத்த மூன்று மாதங்களுக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்க இயலாது", "மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்" என்பன போன்ற கூற்றுகள் மருத்துவரின் சான்றிலும் இடம்பெறலாம். பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பணித்தகுதிச் சான்று இவ்வகையினது. அது ஒருவர் வேலைக்குத் தகுதியற்றவர் என்று மட்டும் கூறாமல், எந்த மாற்றங்களுடன் வேலை செய்ய இயலும் என்பதையும் குறிக்க இடமளிக்கிறது.

சட்டப் பாதுகாப்பு

பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவர் இயலாமைப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பைப் பெறுகிறார். உடல் எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளது என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இங்கிலாந்து, வேல்சு, இசுக்காட்லாந்து ஆகியவற்றில் இப்பாதுகாப்பைத் தொடர்கிறது. முதலாளி நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டின் இயலாமை உடையோர் சட்டம் 2008 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. நோய் தணிந்த நிலையில் இருந்தாலும், அது தீவிரமாக இருந்தபோது ஏற்படுத்திய பாதிப்பைக் கொண்டு பாதுகாப்பு வழங்க இத்திருத்தம் வழிசெய்தது. 1993 ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுடைய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 12 வார விடுப்பை உறுதிசெய்கிறது. ஆனால் அதற்கு ஊதியம் இல்லை.

செருமனியில் ஓராண்டில் 6 வாரங்களுக்கு மேல் நோயுற்றிருந்த தொழிலாளிக்கு, மீண்டும் பணியில் இணைவதற்கான திட்டமிடலை முன்வந்து அளிப்பது முதலாளியின் கடமையாகும். சப்பானில் 2016 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட புற்றுநோய்க் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டம், நோயுற்றோரின் வேலை தொடர்வதற்கு முதலாளிகள் முயல வேண்டும் எனக் கூறுகிறது.

இந்தியாவில்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளுள் புற்றுநோய் தனியாக இடம்பெறவில்லை. ஆயினும் சிகிச்சையின் விளைவாக ஏற்படும் நிலையான இயலாமை இச்சட்டத்தின் கீழ் வரக்கூடும். கை அல்லது கால் அகற்றப்படுதல் இயக்க இயலாமையில் அடங்கும். குரல்வளை அகற்றப்படுவதால் வரும் பேச்சிழப்பு சட்டத்தின் அட்டவணையிலேயே பெயர் சுட்டிக் கூறப்பட்டுள்ளது. பணிக்காலத்தில் இத்தகைய இயலாமைக்கு ஆளாகும் அரசு நிறுவன ஊழியரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும், முன்பு பார்த்த பணிக்கு ஏற்றவராக அவர் இல்லையெனில் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் 20 ஆம் பிரிவு கூறுகிறது. களைப்பு, நரம்புப் பாதிப்பு போன்ற தற்காலிகமான, வெளியில் தெரியாத பின்விளைவுகளுக்கு இச்சட்டத்தால் பயன் கிட்டுவது அரிது.

ஈ.எஸ்.ஐ. என்று பரவலாக அழைக்கப்படும் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், வரம்புக்குட்பட்ட ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு உரியது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான இத்திட்டத்தில், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தின் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாக வழங்கப்படுகிறது. புற்றுநோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நெடுங்கால நோய்களுக்கு, தகுதிக்காலம் நிறைவு செய்தோர் ஊதியத்தின் 80 விழுக்காட்டை 2 ஆண்டுகள் வரை பெறலாம். இந்தியாவில் புற்றுநோயாளியின் ஊதிய இழப்பை நேரடியாக ஈடுசெய்யும் முதன்மையான திட்டங்களுள் இதுவும் ஒன்று.

ஈ.எஸ்.ஐ. வரம்பைக் கடந்த ஊதியம் பெறும் தனியார்துறை ஊழியர்கள் பெரும்பாலும் தத்தம் நிறுவன விதிகளையே நம்பியுள்ளனர். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஆண்டுக்கு 12 நாட்கள் நோய் விடுப்புக்கு வகைசெய்கிறது. 21 நாள் இடைவெளியில் 6 சுற்றுகள் கொண்ட வேதிச்சிகிச்சை 18 வாரங்கள் நீளும் என்பதுடன் இதனை ஒப்பிடலாம்.

அமைப்புசாராத் தொழிலாளர்கள்

இந்தியத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் அமைப்புசாராத் துறையைச் சேர்ந்தவர்கள். விவசாயக் கூலிகள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோருக்கு விடுப்பு என்பதே இல்லை. வேலைக்குச் செல்லாத நாள் கூலி இல்லாத நாள் ஆகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மருத்துவமனைச் செலவை ஏற்கின்றன. ஆனால் இழந்த கூலியை அவை ஈடுசெய்வதில்லை. புற்றுநோயாளிகளின் மருத்துவமனைப் பயணத்துக்கு இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. எனினும் அந்நாட்களின் கூலி இழப்பு நோயாளியையும் உடன் வருபவரையும் ஒருசேரப் பாதிக்கிறது.

இதனால் இவர்களிடையே இருவேறு நிலைகள் காணப்படுகின்றன. சிலர் உடல் தேறுமுன்னரே, சில வேளைகளில் சிகிச்சையை இடையில் நிறுத்திவிட்டே, வேலைக்குத் திரும்புகின்றனர். வேறு சிலர் முன்பு செய்த கடின உழைப்பை மீண்டும் செய்ய இயலாமல், குறைந்த கூலியுள்ள வேலைக்கு மாறுகின்றனர் அல்லது வேலையை விட்டே விலகுகின்றனர். பாதி வேலைக்குப் பாதிக் கூலி என்ற அளவிலேனும் இவர்களுக்குப் படிப்படியாகத் திரும்பும் வாய்ப்பு அமைவது, மேற்பார்வையாளர், கங்காணி அல்லது வீட்டு உரிமையாளரின் மனநிலையையே சார்ந்துள்ளது.

தவறான கருத்துகள்

• புற்றுநோய் தொற்றுநோய் அன்று. மீண்டவருடன் ஒரே அறையில் பணிபுரிவதாலோ, உணவைப் பகிர்வதாலோ அது பரவாது.
• வெளியிலிருந்து கதிர்ச்சிகிச்சை பெற்றவரின் உடல் கதிரியக்கம் உடையதாக ஆவதில்லை. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் சில நாட்களுக்குப் பிறரிடமிருந்து, குறிப்பாகக் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும், விலகியிருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.
• வேலைக்குத் திரும்புவதால் புற்றுநோய் மீண்டும் வரும் என்பதற்குச் சான்று இல்லை.
• தலைமுடி மீண்டும் வளர்வது உடல் முழுவதும் தேறியதன் அறிகுறி அன்று.

அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்

இந்தியத் துடுப்பாட்ட வீரர் யுவராசு சிங்குக்கு நுரையீரல்களுக்கு இடையே உயிரணுக் கட்டி இருப்பது கண்டறியப்பட்டு, 2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மூன்று சுற்று வேதிச்சிகிச்சை அளிக்கப்பட்டது. மார்ச்சு மாதம் சிகிச்சை முடிந்தது. அவர் 2012 செப்டம்பர் 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிரான இருபது20 போட்டியில் மீண்டும் களமிறங்கி 34 ஓட்டங்கள் எடுத்தார். முழுநேர மருத்துவ, உடற்பயிற்சி உதவி பெற்ற ஓர் இளம் விளையாட்டு வீரருக்கும் இவ்விடைவெளி ஏறத்தாழ அரை ஆண்டாக இருந்தது.

அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்சுபர்க் 1999 ஆம் ஆண்டில் பெருங்குடல் புற்றுநோய்க்கும், 2009 ஆம் ஆண்டில் கணையப் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெற்றுப் பணியைத் தொடர்ந்தார். 2018 டிசம்பரில் நுரையீரல் புற்றுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின், 2019 சனவரியில் நீதிமன்றத்துக்கு நேரில் வர இயலாத நாட்களில், எழுத்து வாதங்களையும் வாய்மொழி வாதங்களின் எழுத்துப்படியையும் வீட்டிலிருந்து படித்து வழக்குகளில் பங்கேற்றார். பிப்ரவரியில் மீண்டும் நீதிமன்ற அமர்வுக்கு வந்தார். 2020 ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை அவர் பதவியில் இருந்தார். பணியின் தன்மையை மாற்றாமல், அதைச் செய்யும் முறையை மட்டும் தற்காலிகமாக மாற்றியமைத்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இவற்றையும் பார்க்க

• புற்றுநோய்
• வேதிச்சிகிச்சை
• கதிர்ச்சிகிச்சை
• நிணநீர் வீக்கம்
• தொழில்சார் நலவியல்
• மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016